அப்பா குடித்தார் என்று உன்னைச் சொல்லவைத்தேன்

அன்புள்ள தம்பி,

போன ஞாயிறு உன் வீட்டுக்கு வந்துவிட்டுப் போனதிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. தொலைபேசியில் சொல்லலாம்தான். ஆனால் நான் இரண்டு வசனம் கதைக்க முதலே "அம்மா, மீட்டிங்கிலை நிக்கிறன், பேந்து எடுக்கிறன்" என்பாய். உன்னுடைய அந்தப் பேந்து எப்போது வரும் என்று எனக்குத் தெரியும். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் வெட்ட முடியாது, கிழித்துத்தான் போடலாம். நீ கிழித்தும் போடுவாய் என்ற சந்தேகத்தில் இதை இரண்டு பிரதி எழுதி ஒன்றை என் அலுமாரிக்குள் வைத்திருக்கிறேன். சனிக்கிழமைகளில் கோயில் தமிழ் வகுப்புக்கு உன்னை அழ அழ இழுத்துக்கொண்டு போனேனே, அதன் பலனை இன்று கேட்கிறேன். எழுத்துக்கூட்டியாவது கடைசிவரை வாசி.

நானும் அப்பாவும் மஞ்சள் கோட்டு மெத்ரோவில் லொங்குய்ய் வந்து இறங்கியது உன் கலியாணக் கார்ட்டைக் காட்டுவதற்கு என்றுதான் உனக்குச் சொன்னேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, உன்னை வேவு பார்ப்பது. நீ கீழே போய்க் காரைத் துடைத்துக்கொண்டிருந்த நேரம் உன் பிரிஜ்ஜைத் திறந்தேன். உயரமான கான்களில் ஏதோ சக்திப் பானமாம், ஒரு தட்டு முழுக்க அதுதான். இரண்டு பெட்டி தோடம்பழச் சாறு. பாதி தின்ற பூட்டின், அதுதான் சீஸும் குழம்பும் ஊற்றின உருளைக்கிழங்குப் பொரியல், இறுகிப்போய்க் கிடந்தது. மரக்கறி என்று பார்த்தால் ஒரே ஒரு தேசிக்காய், அதுவும் வாடியது. மேசை லாச்சிக்குள் ஒரு சின்னக் குழாய். அது என்ன என்று பிறகு கேட்டபோது "கொம்பியூட்டர் சாமான் அம்மா" என்றாய். மாம்பழ வாசத்தில் புகை இழுக்கிற கொம்பியூட்டர் சாமானை நான் இந்த வயதில்தான் காண்கிறேன். குளியலறையில் நெஞ்செரிவு மாத்திரைப் போத்தல், பெரியது, அடிமட்டத்துக்கு வந்திருந்தது. அதையும் நான் பார்த்துவிட்டேன்.

இதெல்லாம் இருந்தாலும் பேசாமல் வந்திருப்பேன். சாப்பிட்ட பிறகு நடந்ததுதான் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டது. நான் கொண்டுவந்த மட்டன் ரோல்ஸில் நான்கையும் ஆட்டிறைச்சிக் கறியையும் சாப்பிட்டுவிட்டு, நீ சோபாவின் நுனியில் போய் உட்கார்ந்தாய். தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு முன்னுக்குக் குனிந்தாய். முகத்தில் இரத்தம் இல்லை. "என்ன தம்பி?" என்றேன். "ஒண்டுமில்லை, காஸ்ரிக்." "முதுகுக்கும் போகுதோ?" என்று கேட்டேன். உனக்குக் கோபம் வந்துவிட்டது. "அம்மா, நான் என்ன அப்பா மாதிரிக் குடிக்கிறனே? ஒரு சொட்டுத் தொட்டதில்லை. அந்த வருத்தம் எனக்கு வராது." டிலானி உன் தோளில் கை வைத்து, இப்படி ஒரு மாப்பிள்ளை தனக்குக் கிடைத்ததே என்ற பெருமையோடு என்னைப் பார்த்தாள். அப்பா யன்னலுக்கு வெளியே பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது நல்ல காது, தம்பி.

நீ அப்படிக் குனிந்து உட்கார்ந்ததை நான் முதல் தடவை காணவில்லை. பதினேழு வருடத்துக்கு முன்பு கோயில் நிலக்கீழ் மண்டபத்தில், மடக்குக் கதிரை ஒன்றில், உன் அப்பா அதே மாதிரித்தான் குனிந்து உட்கார்ந்தார். ஆகவே முதலில் இருந்து சொல்லவேண்டும். சொல்வதற்கு எனக்கு வெட்கமாக இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு காலமும் சொல்லவில்லை.

நான் சந்தேகக்காரி என்று உனக்குத் தெரியும். உன் பள்ளிக்கூடப் பையைக் கிளறியவள், பால் வாங்கினால் திகதியை இரண்டு தரம் பார்ப்பவள். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தபோது உனக்கு ஆறு வயது. மன்னார்க் கச்சேரியில் கிளாக்கராக இருந்த அப்பா, சென்ட் லோரன்டில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி அடுக்கினார். மூன்று மணிக்கு வேலை முடியும். நான்குக்கு வரவேண்டிய மனிதர் ஐந்தரைக்கு வருவார். வந்தால் ஜக்கெட்டில் பியர் நாற்றம். பையிலும் பியர் நாற்றம். "எங்கை நிண்டனீங்கள்?" என்றால் "பஸ் பிந்தீற்றுது" என்பார். ஒரு நாள் பஸ் பிந்தும், இரண்டு நாள் பிந்தும். கிழமையில் ஐந்து நாளும் பிந்துமா? நான் சப்பாத்துக்குள் கூட மணந்து பார்த்திருக்கிறேன். போத்தல் ஒன்றும் அகப்படவில்லை. அகப்படாததே எனக்கு அத்தாட்சியாகிவிட்டது. இவ்வளவு கெட்டித்தனமாக ஒளிக்கிறவர் எவ்வளவு குடிக்கவேண்டும் என்று கணக்குப் போட்டேன்.

அந்த ஞாயிறு கோயிலில் ஒரு பிள்ளைக்கு ஞானஸ்நானம். ரோல்ஸும் பற்றிஸும் நான்தான் விடியத் தொடங்கிப் பொரித்தேன். கொத்துரொட்டி, நண்டு, கேக், பெரிய போத்தல்களில் சோடா. அப்பா நல்ல சாப்பாட்டுக்காரர். அவர் இரண்டாம் தரம் போட்டுச் சாப்பிட்டால்தான் எனக்குச் சமைத்த மாதிரி இருக்கும். வயிறும் கொஞ்சம் முன்னுக்கு வந்திருந்தது. அதை நாங்கள் சுகம் என்றுதான் நினைத்தோம். திடீரென்று கதிரையில் குனிந்தார். பிறகு சத்தி எடுத்தார். மேல் வயிறு நோகிறது, முதுகுக்குள்ளால் போகிறது என்றார். பக்கத்து மேசையில் ஒருவர், "அண்ணைக்கு இண்டைக்குக் கொஞ்சம் கூடிப்போச்சுப் போல" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குத்தான் பட்டது. அப்பாவின் நோவைவிட என் மானம் பெரிதாகத் தெரிந்தது.

வைத்தியசாலையில் நடந்தது உனக்கு ஞாபகம் இருக்கும். மறந்திருந்தால் நல்லது என்று பல வருடம் செபம் செய்திருக்கிறேன். எனக்கு அப்போது பிரெஞ்சில் போன்ஜூரும் மெர்சியும்தான். உனக்குப் பன்னிரண்டு வயது. ஞானஸ்நானத்துக்குப் போட்ட வெள்ளைச் சேர்ட்டோடு கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று எங்களுக்காகக் கதைத்தாய். கணையம் வீங்கியிருக்கிறது என்று வைத்தியர் சொன்னார். ஊரில் பள்ளிக்கூடத்தில் அதைச் சதையி என்று படித்தது எனக்கு மட்டுமட்டாக ஞாபகம் வந்தது. பிறகு அவர் கேட்டார், இவர் எவ்வளவு குடிப்பார் என்று. அப்பா நோவோடு சொன்னார், "கிறிஸ்மஸுக்கு அரைக் கிளாஸ். வேறை இல்லை எண்டு சொல்லு தம்பி." நான் குறுக்கே விழுந்தேன். "பொய். நெடுகக் குடிக்கிறவர். ஒவ்வொரு நாளும் எண்டு சொல்லு." நீ அவர் முகத்தைப் பார்த்தாய், என் முகத்தைப் பார்த்தாய். "சொல்லடா!" என்று அதட்டினேன். நீ வைத்தியரிடம் திரும்பி மூன்று சொல் சொன்னாய். து லெ ஜூர். ஒவ்வொரு நாளும். அந்த மூன்று பிரெஞ்சுச் சொல்லையும் நான் அன்றைக்குத்தான் பாடமாக்கினேன். வைத்தியர் எழுதினார். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்த பிறகு நான் என்ன செய்தேன் தெரியுமா? கோயிலில் எல்லோரிடமும் காஸ்ரிக் என்றேன். கணையம் என்றால் குடிகாரன் என்று முடிவுகட்டிவிடுவார்கள் அல்லவா? வீட்டுக்குள்ளே குடிக்குக் காவல் இருந்தேன், வெளியே காஸ்ரிக்குக் கதை கட்டினேன். குடிதானே காரணம், அதை நிறுத்தினால் சரி, மற்றதெல்லாம் உடம்பைத் தேற்றும் என்று நினைத்து அவரைத் தேற்றத் தொடங்கினேன். கட்டித் தேங்காய்ப்பாலில் சொதி, எலும்பு ரசம், பொரித்த முட்டை, ரின்பால் விட்ட தேத்தண்ணி நாளுக்கு ஐந்து தரம், தாகத்துக்குப் பழச்சாறு. அவர் பல்கனியில் நின்று சிகரெட் பிடித்தபோது ஒன்றும் சொல்லவில்லை. சிகரெட் என்றால் நெஞ்சுச் சளி, இருமல், அவ்வளவுதான் என்பது என் விளக்கம். குடிக்காமல் இதையாவது பிடிக்கட்டும் என்றுகூட நினைத்தேன். நீயும் மாறிப்போனாய். அப்பாவோடு கதைப்பது குறைந்தது. அவர் உன் சிநேகிதர்கள் முன்னால் வந்தால் எழுந்து உள்ளே போவாய். எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. பிள்ளை என் பக்கம் என்று நினைத்தேன். இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

உனக்குப் பதினாறு வயதில் அவருக்கு இரண்டாம் தரம் வந்தது. வைத்தியசாலையில் அவருடைய பழைய கோப்பைத் திறந்தார்கள், குடி என்று இருந்தது, குடியை விடச் சொல்லி அனுப்பினார்கள். அவர்களில் நான் குறை சொல்லமாட்டேன். வீட்டுக்காரியே சாட்சி சொன்ன பிறகு அவர்கள் வேறு எதைத் தேடுவது? மூன்றாம் தரம் நான்கு வருடத்துக்கு முன்பு. நீ வேலை விஷயமாக ஒட்டாவாவில் நின்றாய். எனக்கு அதற்குள் கொஞ்சம் ஆங்கிலமும் பிரெஞ்சும் பிடிபட்டிருந்தன. இந்த முறை ஒரு இளம் பெண் வைத்தியர். வந்த உடனே எடுத்த இரத்தக் குழாயை என் கண்ணுக்கு முன்னால் தூக்கிக் காட்டினார். மேலே வெள்ளையாக நின்றது, தம்பி. முதற்பால் மாதிரி. நான் தேங்காய் பிழிந்து எடுக்கிற அதே நிறம்.

அவர் ஆறுதலாக இருந்து விளங்கப்படுத்தினார். இரத்தத்தில் ரைகிளிசரைட் என்ற கொழுப்பு அளவுக்கு மிஞ்சி ஏறினால் அதுவே கணையத்தை வீங்கவைக்குமாம். பித்தப்பைக் கல்லாலும் வரும், குடியாலும் வரும், இதாலும் வரும். அப்பாவுக்குக் கல் இல்லை. இரண்டு மூன்று நாள் பட்டினி போட்டு சேலைன் ஏற்றினால் கொழுப்பு இறங்கிவிடும், பிறகு தேடினால் அவ்வளவாகத் தெரியாதாம். அப்பாவுக்கு இது பிறப்போடு வந்த குணமாக இருக்கலாம் என்றார். அதற்கு மேல் எண்ணெய், சீனி, இனிப்புக் குடிபானம், வயிற்றுப் பருமன் எல்லாம் எரிகிற நெருப்புக்கு விறகு. சிகரெட் தனியாகவே கணையத்துக்கு எதிரி, புற்றுநோய்வரை கொண்டுபோய் விடக்கூடியது என்றார். குடியை எவ்வளவு என்று அவர் திரும்பக் கேட்டார். அப்பா "கிறிஸ்மஸுக்கு அரைக் கிளாஸ்" என்றார். பதின்மூன்று வருடத்துக்குப் பிறகும் அதே அரைக் கிளாஸ். வைத்தியர் என்னைப் பார்த்தார். நான் தலை குனிந்தேன். கடைசியாக அவர் கேட்டது, "உங்களுக்குப் பிள்ளைகள் இருக்கிறார்களா? அவர்களும் இரத்தம் பார்க்கவேண்டும்." நான் ஓம் என்று தலையாட்டினேன்.

அன்று பின்னேரம் நீ ஒட்டாவாவில் இருந்து எடுத்தாய். "என்னவாம் அம்மா?" என்றாய். நான் "அதே காஸ்ரிக்தான்" என்றேன். அந்த இடத்தில் நான் உனக்கு உண்மையைச் சொல்லியிருக்கவேண்டும். சொன்னால், கட்டிலடியில் உன்னை அதட்டிச் சொல்லவைத்ததையும் சொல்லவேண்டும். அதற்குப் பயந்து நான்கு வருடம் வாய் திறக்கவில்லை. என் மானத்துக்காக உன் இரத்தத்தை நான் பார்க்கவிடவில்லை, தம்பி.

அப்படியென்றால் அந்தப் பியர் நாற்றம்? சந்தேகக்காரிக்கு அது பொறுக்குமா? கோயிலில் செபமாலை அண்ணையைப் பிடித்தேன். அப்பாவோடு அதே களஞ்சியத்தில் வேலை செய்தவர். அவர் சிரித்தார். "உங்களுக்குத் தெரியாதே தங்கச்சி? பெடியள் குடிச்சுப்போட்டு எறியிற வெறும் கானெல்லாத்தையும் அவர்தான் பொறுக்கிறவர். பார்க்கிலையும் போய்ப் பொறுக்குவார். ரண்டு ஸ்ரொப் தள்ளி, ஆக்களுக்குத் தெரியாத ஒரு டெப்பனர்ப் பெட்டிக்கடையிலை கொண்டுபோய்க் குடுப்பார்." வெறும் கானைத் திருப்பிக் கொடுத்தால் சில்லறை தருவார்கள் என்று உனக்கே தெரியும். கானின் அடியில் மிஞ்சிய பியர்தான் அவருடைய பையிலும் ஜக்கெட்டிலும் ஊறியிருக்கிறது. வீட்டுக்கு வந்து கேட்டேன், "அண்டைக்கே இதைச் சொல்லியிருக்கலாம்தானே?" அவர் சொன்ன பதில் இது: "குடிகாரன் எண்டால் கோயிலிலை பாதிப்பேர் என்ரை ஆக்கள். கான் பொறுக்கிறவன் எண்டு தெரிஞ்சால் உம்மை என்னெண்டு பாப்பினம், பெடியனை என்னெண்டு பாப்பினம்?" கச்சேரிக் கிளாக்கரின் மானமும் என் மானமும் சேர்ந்து ஒரு வீட்டைப் பதின்மூன்று வருடம் நடத்தியிருக்கின்றன. அந்தச் சில்லறையில் உனக்குச் சப்பாத்து வாங்கினார் என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி இல்லை. சிகரெட் வாங்கினார். அவரை நான் புனிதர் ஆக்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த இடத்தில் ஒன்றும் இருக்கவில்லை, இருந்த இடத்தை நான் பார்க்கவில்லை, அதைத்தான் சொல்கிறேன்.

இப்போது அவர் சாப்பிட முதல் கப்சூல் போடுகிறார். அது போடாவிட்டால் தின்றது ஒன்றும் உடம்பில் ஒட்டாது, கணையம் தன் வேலையை விட்டுவிட்டது. சலரோகமும் வந்து இன்சுலின் ஊசி போடுகிறார். சிகரெட்டை விட்டது மூன்றாம் தரத்துக்குப் பிறகுதான். பெல்டில் நான் ஆணியால் புதிதாக ஓட்டை போட்டுக் கொடுக்கிறேன். உனக்கு இதெல்லாம் தெரியும், ஆனால் குடித்த குடிக்குக் கிடைத்த கூலி என்று நினைத்துப் பார்த்திருக்கிறாய். இனி அப்படிப் பார்க்காதே.

ஆகவே, தம்பி, நான் இனி உன்னைத்தான் சந்தேகப்படப்போகிறேன். குடிக்காதவனுக்கு வராது என்று ஒன்று இல்லை. அந்த உயரக் கானையும் சாறையும் விடு. பழச்சாறு பழம் இல்லை, சீனித் தண்ணீர். இதை இவ்வளவு காலமும் உனக்கு ஊற்றித் தந்தவளே சொல்கிறேன். மாம்பழக் குழாயை நீ என்ன பெயர் சொல்லி அழைத்தாலும் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, குப்பையில் போடு. கலியாணக் கோட்டுக்குள் புகவேண்டும் என்று பட்டினி கிடக்கிறாயாம் என்று டிலானி சொன்னாள். அதுவும் வேண்டாம். அவசரமாக மெலிந்தால் பித்தப்பையில் கல் வருமாம், அது வேறு வழியால் அதே இடத்துக்குத்தான் கொண்டுபோகும். கோட்டைத் தளர்த்தித் தைக்கலாம். வட்சப்பில் யாராவது பாகற்காய்ச் சாறு, கணையம் கழுவும் கஷாயம் என்று அனுப்பினால் அழித்துவிடு, அனுப்பியது நானாக இருந்தாலும். நானும் இனி ரோல்ஸ் கொண்டுவரமாட்டேன். ஞாயிற்றுக்கிழமை குடைந்து குடைந்து யோசித்தது அதைத்தான்: உன்னைக் குனியவைத்த சாப்பாட்டை மெத்ரோவில் மடியில் வைத்துக் கொண்டுவந்தவள் நான். திரும்ப அப்படி நொந்தால், முதுகுக்குப் போனால், சத்தி வந்தால், காஸ்ரிக் என்று மாத்திரை போட்டுக்கொண்டு இருக்காதே. நேரே அவசரப் பிரிவுக்குப் போ. கலியாணத்துக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. நோவு வரும்வரை பார்த்துக்கொண்டிராமல் இந்தக் கிழமையே உன் வைத்தியரிடம் போ.

இன்னொன்று. கலியாண மண்டபத்தில் அப்பா குடிவகைப் பார்ப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி உன் சிநேகிதன் ஒருவனைக் காவலுக்கு வைத்திருக்கிறாய். எனக்கு அது தெரியவந்தபோது அப்பாவும் பக்கத்தில் இருந்தார். நான் கோபப்பட்டேன். அவர், "விடும். அவன் கவனமான பெடியன்" என்றார். அவ்வளவுதான். பிறகு கப்சூல் போத்தலைத் தேடினார். நான் இந்தக் கடிதம் எழுதுவதும் அவருக்குத் தெரியும். "வருத்தத்தை எழுதும். கான் கதையை எழுதாதேயும்" என்று கேட்டார். நான் ஓம் என்று சொல்லிவிட்டு எழுதியிருக்கிறேன். அவரிடம் சொன்ன பொய்களில் இது ஒன்றுதான் நல்லது.

மூன்றாம் தரம் அந்த இளம் வைத்தியர் எழுதித் தந்த கடிதத்தின் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். வைத்தியரிடம் போனால் குடும்பத்தில் யாருக்கு என்ன வருத்தம் என்று கேட்பார்கள். அந்த இடத்தில் நீ ஒருபோதும் உண்மை சொன்னதில்லை, ஏனென்றால் உனக்கு உண்மை தெரியாது. இந்த முறை சொல்லு. என் அப்பா குடிக்கிறவர் இல்லை, அவருடைய இரத்தத்தில் கொழுப்பு, எனக்கும் இருக்கலாம், பாருங்கள் என்று சொல்லு. உனக்குப் பன்னிரண்டு வயதில் நான் சொல்லவைத்ததை உன் வாயாலேயே திருத்து. அப்பாவையும் கூட்டிக்கொண்டு போ. அவர் பக்கத்துக் கதிரையில் இருக்கும்போது சொல்லு. அவருக்கு அவ்வளவு பிரெஞ்சு விளங்கும்.

உன் அம்மா